கண்ணுக்குள் ஒரு வேலைநிறுத்தம்

அத்தியாயம் 4

“கையெழுத்து என்னுதுதான். ஆனா நான் போடல.”

லாண்டரியம்மா ஜெராக்ஸ் தாள்களை கவுண்டர் மேல் வைத்துவிட்டு இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். முதல் தடவை கோபமாகச் சொன்னாள். இரண்டாவது தடவை குழப்பமாக. இந்தத் தடவை குரலில் பயம் வந்திருந்தது.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றது துப்பறிய வந்த இரண்டு பேர். ஒருத்தி அரை டாக்டர். மருத்துவக் கல்லூரி மூன்றாம் வருடத்தில் பேராசிரியரோடு வாக்குவாதம் செய்து, ஜெயித்து, அந்தக் காரணத்தாலேயே வெளியே அனுப்பப்பட்டவள். வயது நாற்பத்தொன்று. மற்றவன் ஹாரன். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவன். ஒருநாள் சைரன் பாதி வழியில் ஊமையாகிவிட, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஆஸ்பத்திரி வரை தானே கத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தான். பெயர் அப்படி வந்தது. முப்பத்தெட்டு வயது, நல்ல கண், கெட்ட வயிறு.

தாள்களில் இருந்தது ஒரு விடுதலைப் பத்திரம். அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதியாக விட்டுப்போன இந்தச் சலவைக் கடையில் தன் பாதியை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக லாண்டரியம்மா கையெழுத்துப் போட்டிருந்தாள். தேதி, போன வாரம் செவ்வாய். பதினான்கு வருடமாக கடையை நடத்துகிறவள் அவள்தான். அண்ணன் பழைய கார் புரோக்கர். சட்டை அழுக்கானால் மட்டும் கடைப் பக்கம் வருவான். தெருமுனைக் கடை, பத்துக் கார் நிறுத்தலாம் என்று அவன் வெகுநாளாகவே கண் வைத்திருந்தான்.

பத்திரம் என்று ஒன்று இருப்பதே மூன்று நாளைக்கு முன் இஸ்திரி மாமா வாயால்தான் வெளியே வந்தது. அக்கா கடையை விட்டுட்டுப் போறாங்களாமே, அப்புறம் எனக்கு வேலை உண்டா என்று அந்த மனிதர் கேட்டு வைத்தார். லாண்டரியம்மா அண்ணனிடம் மூச்சு விடாமல் நேராக அரை டாக்டரிடம் வந்தாள். நேற்று ஹாரன் மின்விசிறி ரிப்பேர்காரனாக நோட்டரி அலுவலகத்துக்குள் நுழைந்து, ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு, மின்விசிறியையும் நிஜமாகவே சரிசெய்துவிட்டு வந்திருந்தான்.

சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று அண்ணன் மனைவி. இன்னொன்று இதே இஸ்திரி மாமா. அவரைப் பின்கட்டிலிருந்து கூப்பிட்டு விசாரித்தார்கள். அக்கா தாளைக் கையில் வாங்கினதையும், பார்த்ததையும், கையெழுத்துப் போட்டதையும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பத்திரம் என்னவென்று அண்ணன்காரன் பிறகுதான் சொன்னானாம். அவருக்குப் பொய் சொல்ல வராது. கேஸில் பெரிய தொல்லையே அதுதான்.

“நான் எதையும் படிக்காம போட மாட்டேன்,” என்றாள் லாண்டரியம்மா. ஹாரன் தலையாட்டினான். சோப்புத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தையே விடாமல் படிக்கிறவள் அவள். “அப்போ படிச்சுத்தான் போட்டிருக்கேன். போட்டது மறந்துபோச்சு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. கடைசில என்னையே நீ யார் வீட்டுப் பொண்ணும்மான்னு கேட்டார்.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “அண்ணன் ஏமாத்தியிருந்தா சண்டை போடலாம். என் தலையே என்னை ஏமாத்தியிருந்தா யார்கிட்ட போறது?”

அவளுக்கு வயது முப்பத்தாறு. ஹாரன் வாயில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பற்றி அரை டாக்டர் கேட்டாள். அதிகமாக ஒன்றும் வரவில்லை. மத்தியானம் பூராவும் தலைவலி. அண்ணன் சலவை மிஷின் சர்வீஸ் கம்பெனித் தாள்கள் என்று சில கொண்டுவந்தான், கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேல் எல்லாம் புகைமூட்டம்.

அரை டாக்டர் அந்த வாரத்து ரசீதுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அடிக்கட்டைகளைப் புரட்ட ஆரம்பித்தாள். லாண்டரியம்மாவின் எழுத்து எறும்பு வரிசை போல இருக்கும். ஒரு சிகரெட் பெட்டி அகலத்துத் தாளில் ஆள் பெயர், துணி விவரம், கறை விவரம், கிழிசல் விவரம், கொடுத்தவரின் குணம் வரை எழுதிவிடுவாள். திங்கள்கிழமை எறும்பு. செவ்வாய் காலை எறும்பு. செவ்வாய் பதினொன்றரைக்கு மேல் யானை. ஒரு ரசீதில் ‘பேன்ட்’ என்ற ஒரே வார்த்தை, அதுவும் கோட்டைத் தாண்டிச் சரிந்து கிடந்தது. மாலை ஐந்துக்கு யானை கன்றுக்குட்டி ஆனது. புதன்கிழமை பழையபடி எறும்பு.

ஹாரன் எட்டிப் பார்த்தான். “கண் டாக்டர் ரூம்ல மாட்டியிருக்கிற போர்டு மாதிரி இருக்கு, டாக்டர்.”

அரை டாக்டர் புத்தகத்தை மூடாமல் லாண்டரியம்மா பக்கம் திருப்பி வைத்தாள். “இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

லாண்டரியம்மா ‘பேன்ட்’ என்ற வார்த்தையை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் ஒப்புக்கொண்டாள். அன்றைக்கு எழுத்தெல்லாம் தண்ணீரில் நீந்தியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. யாரோ கோட்டுப் பையில் மறந்துவிட்ட கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அண்ணன் தாளை நீட்டியபோது படிக்க முடியவில்லை என்று சொல்ல வெட்கம். படிக்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போட்டாள். அப்பாவும் இப்படித்தான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிற பாவனை செய்வார்.

இஸ்திரி மாமா அப்போதுதான் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினார். அதே மத்தியானம் தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஏறப்போன ஒரு வாடிக்கையாளரை அக்கா கவுண்டரில் இருந்தபடியே அடையாளம் கண்டு, குடையை மறந்துட்டீங்க என்று கூப்பிட்டாராம்.

“தூரத்துல தெருவே தெரியுது, கைல இருக்கிற தாள் தெரியல,” என்றாள் அரை டாக்டர். “பதினொன்றரைக்கு ஆரம்பிச்சு சாயங்காலத்தோட முடிஞ்சிருக்கு. மறதி நோய் ஆபீஸ் நேரம் பார்த்து வராதும்மா. இது மூளை இல்ல. கண்ணு.”

பிறகு அவள் விளக்கினாள். உடம்பில் இரண்டு கட்சித் தசைகள் உண்டு. ஒன்று சொன்னால் கேட்கும். கை, கால், நாக்கு எல்லாம் அந்தக் கட்சி. இன்னொன்று யார் சொன்னாலும் கேட்காது. குடல், ரத்தக்குழாய், மூச்சுக்குழாய், மூத்திரப்பை, கருப்பை என்று உள்ளே ராப்பகலாக உழைப்பதெல்லாம் அந்தக் கட்சிதான். நாம் தூங்கினாலும் அது தூங்காது. அதற்கு மென்தசை என்று பெயர். வரியற்ற தசை என்றும் சொல்வார்கள்.

“வரியே கட்டாதா?” என்றான் ஹாரன். “எங்க பழைய ஓனர் பூரா அந்தத் தசைதான்.”

“அந்த வரி இல்ல. மைக்ராஸ்கோப்ல பார்த்தா தெரியிற கோடு.”

கண்ணுக்குள்ளும் அந்தக் கட்சிக்கு இரண்டு கிளை இருக்கிறது என்றாள். ஒன்று, வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கண்மணியைச் சுருக்குவது. இன்னொன்று, கிட்டத்தில் படிக்கும்போது உள்ளே இருக்கிற லென்ஸைக் குண்டாக்குவது. ஒரு சொட்டு மருந்து விட்டால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிடும். வெளிச்சம் கூசும். தூரம் தெரியும். கிட்டத்தில் எல்லாம் கஞ்சி. நாலைந்து மணி நேரத்தில் தானாக வேலைக்குத் திரும்பிவிடும்.

“தினம் கண்ணுல ஏதாவது விடுவீங்களா?”

விடுவாள். நீராவியில் கண் காய்ந்துபோகிறது என்று ஒரு சாதாரணச் சொட்டு மருந்து, தினமும் பதினோரு மணிக்கு, முதல் மிஷின் இறங்கியதும். பாட்டில் கை கழுவும் இடத்தில் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. அரை டாக்டர் அதைக் கைக்குட்டையால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். போன செவ்வாய் மாலை பழைய பாட்டில் காணாமல் போனதால் இதைப் புதிதாக வாங்கியதாகவும், நேற்று கால்வாசிதான் இருந்ததாகவும் லாண்டரியம்மா சொன்னாள். இப்போது அரைப் பாட்டில் இருந்தது.

காலையில் யார் வந்தார்கள் என்ற கேள்விக்கு இஸ்திரி மாமாதான் பதில் சொன்னார். அண்ணன் எட்டரைக்கு வந்து கை கழுவிவிட்டுப் போனார். மிஷின் தாளில் ஒன்று விட்டுப்போச்சு, பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவரேன் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னார்.

அரை டாக்டர் ஜெராக்ஸை விசிறி போல விரித்தாள். நாலு பக்கம். மூன்று பக்கங்களில்தான் கையெழுத்து இருந்தது. மூன்றாம் பக்கம் மொட்டை. நோட்டரி திருப்பி அனுப்பியிருப்பார்.

“இன்னிக்கு சொட்டு விடாதீங்க,” என்று லாண்டரியம்மாவிடம் சொன்னாள். “விட்ட மாதிரி இருங்க. அந்த மருந்து உங்கண்ணனுக்கு எங்க கிடைச்சிருக்கும்?”

லாண்டரியம்மாவின் முகம் வாடியது. அண்ணி வேலை பார்ப்பது கண் கிளினிக்கில். நாள் பூராவும் நோயாளிகளுக்கு அந்த மருந்தை விடுவதுதான் அவளுடைய வேலை.

“கேஸ் முடிஞ்சுது,” என்றான் ஹாரன். “புருஷன் பேனா, பொண்டாட்டி மருந்து. கூட்டுக் குடும்பம்.”

கிளினிக் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஹாரன் நோயாளியாக உள்ளே போனான். வெள்ளைக் கோட்டுப் போட்ட அண்ணி, நிமிர்ந்து பார்க்கச் சொல்லி இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டு, இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னாள். பெஞ்சில் ஏற்கெனவே ஏழு பேர், பஸ் வராமல் தூங்கிப்போனவர்கள் போல வரிசையாக இருந்தார்கள். எட்டாவதாக ஹாரன் உட்கார்ந்தான்.

அந்த இருபது நிமிஷத்தில் அரை டாக்டர் மருந்து அலமாரி ஓரமாக அண்ணியிடம் ஜெராக்ஸை நீட்டினாள். சிஸ்டர், இந்தச் சாட்சிக் கையெழுத்து உங்களுதா என்று மட்டும் கேட்டாள். அண்ணி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள். கையெழுத்து தன்னுடையதுதான் என்றாள். செவ்வாய் மத்தியானம் தான் நாத்தனார் கடைப் பக்கமே போகவில்லை. மூன்று மணி வரை இங்கே டியூட்டி. ராத்திரி சமையலறையில் இருந்தபோது புருஷன் கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டி, கார் விற்ற சாட்சி என்றான். கரண்டியை வைத்துவிட்டுப் போட்டுக்கொடுத்தாள்.

“உங்க கண்ணுலயும் மருந்து விட்டாரா?”

அண்ணி ஒரு மாதிரி சிரித்தாள். “எனக்கு எதுக்கு மருந்து? கல்யாணம் ஆயிருக்கே.”

கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள். வெளியூர் முகாமுக்கு எடுத்துப்போகிற பையில் ஒரு பாட்டில் இரண்டு வாரமாகக் காணோம். தான்தான் தொலைத்துவிட்டோம் என்று நினைத்து மேலதிகாரியிடம் திட்டும் வாங்கியிருந்தாள். அவ்வளவுதான். அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே வந்ததும் ஹாரன் வெயிலைப் பார்த்துக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். ஸ்கூட்டரை அரை டாக்டர்தான் ஓட்ட வேண்டியிருந்தது. அவள் ஓட்டுவதைப் பார்க்க முடியாதது ஒருவிதத்தில் அவனுக்கு நல்லதே. அந்தம்மா இந்நேரம் புருஷனுக்கு போன் போட்டிருக்கும் என்று வழி முழுக்கப் புலம்பினான். போடலாம், போடாமலும் இருக்கலாம் என்றாள் அரை டாக்டர். அவளுக்கும் நிச்சயமில்லை.

கடைக்குத் திரும்பியதும் அவள் ஒரு தாளில் ஏதோ எழுதி ஹாரனிடம் நீட்டி, கிளினிக்கில் கொடுக்கணும், கையெழுத்துப் போடுங்க என்றாள். அவன் தாளைக் கைநீளத்துக்குத் தள்ளினான். மூக்குக்குக் கொண்டுவந்தான். கௌரவமாகத் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அதை அவள் லாண்டரியம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். ‘என் ஸ்கூட்டரை மனப்பூர்வமாக அரை டாக்டருக்குக் கொடுக்கிறேன். இனிமேல் அவரிடம் குறுக்கே பேச மாட்டேன்.’

லாண்டரியம்மா தாளையும் ஹாரனையும் மாறி மாறிப் பார்த்தாள். “இவருக்கு மூளை நல்லாத்தானே இருக்கு?”

“அதுக்கு நான் கியாரன்டி தர மாட்டேன். கண்ணுக்கு மட்டும்தான் சொல்றேன்.”

லாண்டரியம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அந்தக் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டு அடிக்கும்போது அண்ணன் வந்தான். அரை டாக்டரும் ஹாரனும் டெலிவரிக்குத் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே இரண்டு கோட்டுகளாக நின்றார்கள். அண்ணன் வாசல் வெளிச்சத்தில் இடது கண்ணை இடுக்கிக்கொண்டு, தலைவலி எப்படி இருக்கு என்று தங்கச்சியை விசாரித்தான். அவள், எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரியுது என்றாள். அவன் உச்சுக்கொட்டினான். ஒரே ஒரு தாள்தான், நானே வாசிக்கிறேன் என்று மிஷின் நம்பர், சர்வீஸ் தேதி, பெல்ட் மாற்றும் விவரம் எல்லாம் தங்குதடையில்லாமல் வாசித்தான். நல்ல வாசிப்பு. தாளில் இல்லாததை இவ்வளவு சரளமாகப் படிக்க ஒரு திறமை வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஹாரனின் வயிறு உறுமியது. கட்டளை கேட்காத கட்சி. அவன் இரண்டு கையாலும் அமுக்கினான். அது இன்னும் விளக்கமாக உறுமியது.

“என்ன சத்தம்?” என்றான் அண்ணன்.

“மிஷின்தான். சர்வீஸ் பண்ணணும்ல,” என்றாள் தங்கச்சி. கண்ணாடியைக் கழற்றினாள். தாளை அவன் கையிலிருந்து வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்து, நிதானமாக வாசித்தாள். “மேற்படி கடையில் எனக்குள்ள சகல உரிமைகளையும் முழு மனதுடன் விட்டுக்கொடுக்கிறேன். இதுல பெல்ட் எங்கண்ணா வருது?”

அண்ணன் ஒரு நொடிதான் திகைத்தான். புரோக்கர் தொழிலில் பேச்சை மாற்றுவது மூச்சு விடுகிற மாதிரி. அவன் முகத்தில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டான்.

“போன வாரமே எல்லாம் பேசித்தானே போட்ட? நீயேதானே கடை வேணாம்னு சொன்ன? மறந்துட்டியா?” குரலைத் தாழ்த்தினான். “உன்னைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. அப்பா மாதிரியே ஆயிட்டு வர.”

அவள் தாளை கவுண்டர் மேல் வைத்துவிட்டாள். காலையிலிருந்து ரசீதுப் புத்தகமும் ஹாரனின் ஸ்கூட்டரும் கட்டிக் கொடுத்திருந்த தைரியம் ஒரே வாக்கியத்தில் ஆடிப்போனது. அரை டாக்டர் கோட்டுகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பாட்டிலை கவுண்டர் மேல் வைத்தாள். அண்ணன் அதைத் தொட்டதே இல்லை என்றான். பார்த்ததே இல்லை என்றான். வேண்டுமானால் கிளினிக்கில் வேலை செய்கிற தன் மனைவியைக் கேளுங்கள் என்று, கொஞ்சமும் கூசாமல், கைகாட்டிவிட்டான்.

வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். டியூட்டியைப் பாதியில் விட்டுவிட்டு, கோட்டைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஹாரனுக்கு அவள் முகம் நன்றாகத் தெரிந்தது, தூரம் ஆயிற்றே. ஆனால் எந்தப் பக்கம் சாய்வாள் என்று அவனால் படிக்க முடியவில்லை.

அவள் பத்திரத்தையும் பார்க்கவில்லை, பாட்டிலையும் பார்க்கவில்லை. நேராகப் புருஷனிடம் போனாள். இரண்டு விரலால் அவன் மோவாயைத் தூக்கி வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். வலது கண்மணி கடுகு. இடது கண்மணி சட்டைப் பொத்தான். தினமும் நாற்பது பேரிடம் கேட்கிற அதே குரலில், கோபம் ஒரு துளி இல்லாமல், கேட்டாள்.

“இடது கண்ணுல எப்ப போட்டீங்க?”

“போடல. காலையில ஊத்தும்போது கைல பட்டுருச்சு, அதோட கண்ணை—”

அங்கே நின்றான். பின்கட்டில் இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று நீராவி விட்டது.

“நாக்கு சொன்னா கேக்குற கட்சி,” என்றாள் அரை டாக்டர். “அதை வச்சு என்ன வேணா பேசலாம். கண்மணி அந்தக் கட்சி இல்ல சார்.”

பத்திரம் செல்லாது, ஏமாற்றி வாங்கியது என்று கவுண்டரிலேயே எழுதினார்கள். லாண்டரியம்மா எழுதினாள், எறும்பு எழுத்தில். அண்ணன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். இஸ்திரி மாமா இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, ஒரு எழுத்துப்பிழையையும் திருத்திவிட்டுத்தான் போட்டார். நோட்டரிக்கு அரை டாக்டர் போன் செய்தாள். அண்ணன் யாரையும் பார்க்காமல் வெளியேறினான். தெருவைக் கடக்கும்போது வெயிலுக்குக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். அதில் வெட்கம் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று சொல்வது கஷ்டம். பத்து நிமிஷம் கழித்து, போலீசுக்குப் போகணுமா என்று லாண்டரியம்மா கேட்டாள். உங்க இஷ்டம் என்றாள் அரை டாக்டர். நாளைக்குச் சொல்றேன் என்றாள் அவள். ஆனால் கேட்டபோது குரல் நடுங்கவில்லை.

அண்ணி மட்டும் போகவில்லை. வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாண்டரியம்மா ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்ததே இல்லை.

“மாடி ரூம் காலியா இருக்கா?” என்றாள் அண்ணி.

“இருக்கு அண்ணி. ஆனா கீழ மிஷின் ஓடுற சத்தம் கேக்கும். தூங்க முடியாது.”

அண்ணி தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

“உங்கண்ணன் குறட்டைல ஒன்பது வருஷம் தூங்கியிருக்கேன்,” என்றாள். “சாவியைக் குடு.”